நிரந்தரம் என்னும் வாக்குறுதி: ஆஸ்திரேலியாவில் குடியேறியோரின் வேலையின்மை உதவித்தொகைத் தகுதி – ஒரு வரலாற்று நோக்கு (1908–2021)

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியாவில் நிரந்தர வதிவுரிமை பெற்றுக் குடியேறியோர் வேலை இழந்தால் அரசின் உதவித்தொகையைப் பெறுவதற்கான தகுதி எவ்வாறு வரையறுக்கப்பட்டு வந்துள்ளது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1908ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இனத்தைத் தகுதிக்கான எல்லைக்கோடாகக் கொண்டது. 1944ஆம் ஆண்டின் வேலையின்மை உதவித்தொகைச் சட்டம், நாட்டில் நிலைத்து வாழும் எண்ணத்தையே தகுதியாக ஏற்றது. 1993 முதல் காலம் புதிய எல்லைக்கோடாயிற்று. 26 வாரங்களாகத் தொடங்கிய காத்திருப்பு 1997இல் 104 வாரங்களாகவும், 2019இல் 208 வாரங்களாகவும் நீண்டது. நாட்டுக்குள் நுழையும் அனுமதியையும் நுழைந்தோரின் உரிமையையும் வேறுபடுத்தி நோக்கிய பழைய கொள்கை கைவிடப்பட்டு, நுழைவுக் கொள்கையின் நோக்கங்களே உரிமையின் அளவுகோலாயின என்பதும், பங்களிப்பு அடிப்படையற்ற நிதியமைப்பு இம்மாற்றத்தை எளிதாக்கிற்று என்பதும் கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: நிரந்தர வதிவுரிமை, வேலையின்மை உதவித்தொகை, காத்திருப்புக் காலம், ஆஸ்திரேலியா, குடியேற்றக் கொள்கை, சீனிவாச சாஸ்திரி, சமூகப் பாதுகாப்பு

1. முன்னுரை

புலம்பெயர் தமிழரின் பேச்சு வழக்கில் 'பி.ஆர்.' என்னும் ஈரெழுத்துச் சுருக்கம் ஒரு வாழ்க்கைக் கட்டத்தின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. தமிழக வழக்கில் இதனை 'நிரந்தரக் குடியுரிமை' என்று குறிப்பிடுவோரும் உளர். இவ்வழக்குப் பொருத்தமற்றது. குடியுரிமை என்பது அரசியல் சமூகத்தின் உறுப்புரிமை. வதிவுரிமை என்பது கால வரையறையின்றி வாழவும் உழைக்கவும் வழங்கப்படும் அனுமதி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு வாக்குரிமையில் தெளிவாகத் தெரியும். எனினும் அன்றாட வாழ்வில் அத்தொலைவு கூர்மையாக உணரப்படும் தருணம் வேலை இழப்பே ஆகும்.

ஆஸ்திரேலியாவில் 2021ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95,000 பேர் தம் வீட்டுமொழியாகத் தமிழைக் குறிப்பிட்டனர். தமிழகத்திலிருந்து தொழில்திறன் அடிப்படையில் சென்றோர், ஈழத்திலிருந்து அடைக்கலம் நாடிச் சென்றோர், சிங்கப்பூர், மலேசியா வழியாகச் சென்றோர் எனப் பல பிரிவினர் இதில் அடங்குவர். அவர்தம் இலக்கியம், சமயம், மொழிப்பேணல் குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவர்களையும் ஏனைய குடியேறியோரையும் கட்டுப்படுத்தும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு தமிழில் போதிய கவனம் பெறவில்லை.

நிரந்தரமாக வாழ ஓர் அரசு அனுமதித்த ஒருவருக்கு, வேலை இழந்த நாளில் அவ்வரசு எக்கடமையை ஏற்கிறது? இவ்வினாவுக்கு ஆஸ்திரேலியச் சட்டம் ஒரு நூற்றாண்டில் மூன்று வேறுபட்ட விடைகளை அளித்துள்ளது. அவ்விடைகளின் வரலாற்றை வரைவதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்பட்ட நகர்வின் காரணங்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. இனம் என்னும் எல்லைக்கோடு

1901இல் ஆறு குடியேற்றப் பகுதிகள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவாயிற்று. அவ்வாண்டிலேயே குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. சொல்வதெழுதும் தேர்வு ஒன்றின் வாயிலாக ஐரோப்பியர் அல்லாதாரைத் தடுத்து நிறுத்திய அச்சட்டம், பின்னர் 'வெள்ளை ஆஸ்திரேலியா' என அறியப்பட்ட கொள்கையின் அடித்தளமாகும்.

நாட்டின் நுழைவாயிலில் வகுக்கப்பட்ட இப்பாகுபாடு நலத்திட்டங்களிலும் தொடர்ந்தது. 1908ஆம் ஆண்டின் உடலியலாதோர், முதியோர் ஓய்வூதியச் சட்டம் அக்காலத்தில் முற்போக்கானதாகக் கருதப்பட்ட ஒன்று. தொழிலாளரிடமிருந்து பங்களிப்பு எதனையும் பெறாமல், பொது வருவாயிலிருந்தே ஓய்வூதியம் வழங்க அது வழிவகுத்தது. அதே சட்டம் ஆஸ்திரேலியாவில் பிறந்தோர் நீங்கலான ஆசியரையும், அந்நாட்டுப் பழங்குடியினரையும், ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பழங்குடியினரையும், அயல்நாட்டவரையும் தகுதியற்றோர் எனப் பட்டியலிட்டது. 1912இல் வந்த மகப்பேற்று உதவித்தொகைச் சட்டமும் ஆசியப் பெண்களையும் பழங்குடிப் பெண்களையும் விலக்கியே வைத்தது.

இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்நாட்டிலேயே உழைத்து முதுமையடைந்த ஆசியர் ஒருவருக்கு அவருடைய நீண்ட வதிவு எவ்வகையிலும் துணைநிற்கவில்லை. ஓய்வூதியத்துக்கு நெடுங்கால வதிவு ஒரு நிபந்தனையாக இருந்தபோதிலும், இனத்தடையை வதிவால் கடக்க இயலாத நிலையே நிலவியது. இதனை முதலாவது விடையெனக் கொள்ளலாம்.

3. சாஸ்திரியாரின் வாதம்: நுழைவு வேறு, உரிமை வேறு

இவ்விடையில் முதல் விரிசலை ஏற்படுத்தியோருள் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்தவர் என்பது தமிழாய்வுலகம் நினைவுகொள்ள வேண்டிய செய்தியாகும். குடந்தையை அடுத்த வலங்கைமானில் 1869இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1921ஆம் ஆண்டின் பேரரசு மாநாட்டில் இந்தியாவின் சார்பாளராகக் கலந்துகொண்டார். பேரரசின் பிற பகுதிகளில் முறையாகக் குடியமர்ந்துவிட்ட இந்தியரின் குடிமை உரிமைகள் ஏற்கப்படுவது விரும்பத்தக்கது என்னும் தீர்மானம் அம்மாநாட்டில் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் அதனை ஏற்க மறுத்தது. இத்தீர்மானத்தை நடைமுறைக்குக் கொணரும் நோக்குடன் 1922இல் அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார்.

சாஸ்திரியார் மேற்கொண்ட வாதமுறை மிதவாத அரசியலுக்கே உரியது. புதிய இந்தியரை நாட்டுக்குள் அனுமதிக்குமாறு அவர் கோரவில்லை. யாரை அனுமதிப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யட்டும். ஏற்கெனவே முறையாகக் குடியமர்ந்த சிறு எண்ணிக்கையினரை மட்டும் ஏனையோருக்கு நிகராக நடத்துக என்பதே அவர் கோரிக்கையின் சாரமாகும். இதனைச் சமரசம் எனக் குறைகண்டோர் அக்காலத்திலேயே இருந்தனர். குடிவரவுத் தடையை அவர் மறைமுகமாக ஏற்றுக்கொண்டார் என்னும் திறனாய்வு புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயினும் சட்ட நோக்கில் அவ்வாதம் ஒரு முதன்மையான வேறுபாட்டை நிறுவியது. நாட்டுக்குள் நுழையும் அனுமதி ஒரு வினா. நுழைந்து நிலைபெற்றோரின் உரிமை மற்றொரு வினா. முன்னதற்கான விடை பின்னதைக் கட்டுப்படுத்தக் கூடாது. இவ்வேறுபாட்டின் விளைவுகளைச் சட்ட நூல்களில் காணலாம். 1925இல் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பிரித்தானிய இந்தியருக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை கிட்டியது. 1926இல் ஓய்வூதியச் சட்டத்தின் ஆசியர் தடையிலிருந்து அவர்கள் விலக்குப் பெற்றனர். பயன்பெற்றோர் சில ஆயிரத்தைத் தாண்டாதவர்களே. குடிவரவுத் தடையோ சிறிதும் தளரவில்லை. எனினும், குடியமர்ந்த நிலையே நலவுரிமைக்கு அடிப்படையாகலாம் என்னும் கருத்து சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

4. 1944ஆம் ஆண்டுச் சட்டம்: எண்ணமே தகுதி

வேலையின்மைக்கான நிவாரணம் நெடுங்காலம் மாநில அரசுகளின் பொறுப்பிலேயே இருந்தது. குயின்ஸ்லாந்து மட்டும் 1922இல் சட்டமியற்றி, தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய மூவரும் பங்களிக்கும் வேலையின்மைக் காப்பீட்டைத் தொடங்கியது. ஏனைய மாநிலங்களில் 1930களின் பெருமந்தத்தின்போது உணவுப்பொருள் சீட்டும் நிவாரண வேலையுமே ஏழைகளுக்குக் கிட்டின. 1938இல் கூட்டாட்சி அரசு இயற்றிய தேசியக் காப்பீட்டுச் சட்டம் வேலையின்மையை உள்ளடக்கவில்லை; அச்சட்டமும் நடைமுறைக்கு வராமலே கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜான் கர்ட்டின் தலைமையிலான தொழிற்கட்சி அரசு 1944இல் வேலையின்மை, நோய்க்கால உதவித்தொகைச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1945 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கூட்டாட்சியின் சட்டமியற்றும் அதிகாரம் குறித்த ஐயம் எழவே, 1946ஆம் ஆண்டு நடைபெற்ற பொதுவாக்கெடுப்பின் வாயிலாக அரசமைப்பில் ஒரு புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. வேலையின்மை உதவித்தொகை வழங்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக இடம்பெற்றது. அவ்வுட்பிரிவில் குடியுரிமை பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

இச்சட்டத்தின் வதிவு நிபந்தனையே நம் ஆய்வின் மையமாகும். விண்ணப்பதாரர் கோரிக்கைக்கு முந்தைய ஓராண்டு தொடர்ந்து நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்; அல்லது நிரந்தரமாக இங்குத் தங்கக்கூடியவர் என்பதில் தலைமை இயக்குநரை நிறைவுறச் செய்ய வேண்டும். இவ்விரண்டில் ஒன்று போதுமானது. 'அல்லது' என்னும் சொல்லே இங்குத் திறவுகோல். ஓராண்டு வதிவு இல்லாதவருக்கு நிரந்தர எண்ணம் அதற்கு ஈடாக ஏற்கப்பட்டது. அதாவது, நிலையாக வாழும் நோக்கத்துடன் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஒருவர், கொள்கையளவில் இன்றே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஓராண்டு நிபந்தனை உண்மையில் தற்காலிகமாக வந்துசெல்வோரை வடிகட்டுவதற்கே பயன்பட்டது.

இது இரண்டாவது விடையாகும். ஆயினும் இதனை முழுமையான சமத்துவம் எனக் கொண்டாடுவதற்கில்லை. அந்நாட்டின் பழங்குடியினருக்கு ஒழுக்கம், அறிவுநிலை, சமூக வளர்ச்சி ஆகியவை குறித்த இழிவான சோதனை ஒன்றை இதே சட்டம் விதித்தது. 1959இல் இயற்றப்பட்ட திருத்தத்தால் பெரும்பகுதியும், 1966இல் எஞ்சிய பகுதியும் என இத்தடைகள் படிப்படியாகவே நீக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த குடியேறியோருக்கு முதல் நாளிலேயே திறந்த கதவு, மண்ணின் மக்களுக்குப் பாதி மூடியே இருந்தது என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் மறத்தலாகாது.

5. நிறைவேலைவாய்ப்புக் காலமும் போனெகில்லா முகாமும்

1945இல் குடிவரவுக்கெனத் தனி அமைச்சகம் உருவாயிற்று. அதன் முதல் அமைச்சரான ஆர்தர் கால்வெல், மக்கள்தொகையைப் பெருக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். 1947 முதல் 1950களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 1,70,000 ஐரோப்பிய ஏதிலியர் வந்து சேர்ந்தனர். அரசு காட்டும் இடத்தில் இரண்டாண்டுகள் வேலை செய்வதாக அவர்கள் ஒப்பந்தமிட வேண்டியிருந்தது. 1945இல் வெளியான நிறைவேலைவாய்ப்பு குறித்த வெள்ளை அறிக்கை, வேலை வழங்குவதை அரசின் கடமையாக அறிவித்திருந்தது. வேலையின்மை மிகக் குறைவாக இருந்தமையால் உதவித்தொகைச் செலவும் சிறிதாகவே இருந்தது. எனவே குடியேறியோரின் தகுதி அரசியல் விவாதப் பொருளாகவில்லை.

இவ்வமைதி இருமுறை கலைந்தது. விக்டோரியா மாநிலத்தின் போனெகில்லா வரவேற்பு முகாம் வழியாக 1947 முதல் 1971 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டுக்குள் சென்றனர். 1952ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவில் வேலையின்றி அம்முகாமிலேயே தேங்கிய இத்தாலியர் போராட்டத்தில் இறங்கினர். 1961ஆம் ஆண்டின் கடன் நெருக்கடியின்போது மீண்டும் கலவரம் மூண்டது. அவர்கள் எழுப்பிய கோரிக்கை உதவித்தொகை அன்று, வேலையே. வேலை தருவதாகக் கூறி அழைத்துவந்த அரசு அவ்வாக்கைக் காக்க வேண்டும் என்பதே அவர்தம் நிலைப்பாடு. குடியேறுவோரை அழைப்பதும் அவர்களுக்குப் பொறுப்பேற்பதும் ஒரே உடன்படிக்கையின் இரு பக்கங்கள் என்னும் புரிதலை இதில் காணலாம்.

இக்காலப்பகுதியில் ஏனைய நலத்திட்டங்களும் குடியேறியோர்க்கு நெகிழ்ந்து கொடுத்தன. முதியோர் ஓய்வூதியத்துக்கான வதிவுக்காலம் 1962இல் 20 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 1966இல் ஓய்வூதியத்துக்கான நாட்டுரிமை நிபந்தனையும் நீங்கியது. 1973இல் விட்லம் அரசு குடிவரவில் இனப்பாகுபாட்டை முற்றாகக் கைவிட்டது. 1975இல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. ஆசியாவிலிருந்து பெருந்தொகையினர் நிரந்தர வதிவாளராக வரத் தொடங்கியது இதன் பின்னரே.

6. காலம் என்னும் எல்லைக்கோடு

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா கடும் பொருளாதார மந்தத்தைச் சந்தித்தது. 1992ஆம் ஆண்டின் இறுதியில் வேலையின்மை ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தொட்டது. இச்சூழலில் பால் கீட்டிங் தலைமையிலான தொழிற்கட்சி அரசு, 1993 ஜனவரி 1 முதல் புதிதாக வந்த நிரந்தர வதிவாளருக்கு வேலையின்மை உதவித்தொகை பெற 26 வாரக் காத்திருப்பை விதித்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'அல்லது' இவ்விடத்தில் செயலிழந்தது. நிரந்தரமாக வாழும் எண்ணம் மட்டும் இனிப் போதாது. நிரந்தரமாக வாழ அரசே வழங்கிய அனுமதியும் போதாது. அவ்வனுமதி பெற்ற பின்னும் காலம் கழிய வேண்டும்.

1996இல் ஆட்சிக்கு வந்த ஜான் ஹோவர்டின் கூட்டணி அரசு இக்காலத்தை நான்கு மடங்காக்கியது. 1997 மார்ச் 4 முதல் காத்திருப்பு 104 வாரங்களாயிற்று. இந்நிபந்தனை வேறு பல உதவித்தொகைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இரண்டு பத்தாண்டுகளுக்குப் பின்னர் மூன்றாவது நீட்டிப்பு வந்தது. முதலில் மூன்றாண்டு எனவும், 2018ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நான்காண்டு எனவும் அரசு முன்மொழிந்தது. அவ்வாண்டு இறுதியில் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியுடன் எட்டப்பட்ட இணக்கத்தின் பேரில் சட்டம் நிறைவேறியது. 2019 ஜனவரி 1 முதல் நிரந்தர வதிவுரிமை பெறுவோர்க்கு வேலையின்மை உதவித்தொகைக்கான காத்திருப்பு நான்காண்டுகள், அதாவது 208 வாரங்கள் என்றாயிற்று. ஏனைய விண்ணப்பதாரருக்கு வழக்கமாகப் பொருந்தும் காத்திருப்பு ஒரு வாரமே என்பதை ஒப்புநோக்குக.

இம்மூன்று நிலைகளையும் நாட்டின் வேலையின்மை நிலையோடு பொருத்திப் பார்த்தால் ஒரு முதன்மையான உண்மை புலப்படும். முதல் காத்திருப்பு, வேலையின்மை உச்சத்தில் இருந்தபோது வந்தது. இரண்டாவது, வேலையின்மை 8 விழுக்காட்டை ஒட்டியிருந்த காலத்தில் வந்தது. மூன்றாவதும் மிக நீண்டதுமான காத்திருப்பு, வேலையின்மை ஏறத்தாழ 5 விழுக்காடாகக் குறைந்திருந்த ஆண்டில் சட்டமாயிற்று. நெருக்கடிக்கால நடவடிக்கையாகத் தோன்றிய ஒன்று, நெருக்கடி இல்லாத காலத்திலும் நீண்டுகொண்டே சென்றது. எனவே பொருளாதார நெருக்கடியை மட்டும் காரணமாகக் காட்டி இவ்வளர்ச்சியை விளக்க இயலாது.

இரு பெருங்கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதும் கருதத்தக்கது. தொழிற்கட்சி தொடங்கியது, கூட்டணி நீட்டித்தது, மூன்றாவது நீட்டிப்புக்கு இரண்டும் உடன்பட்டன. நீட்டிப்பை ஆதரித்தோர் முன்வைத்த வாதங்கள் இரண்டு. புதிதாக வருவோர் தொடக்க ஆண்டுகளில் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ளும் ஆற்றல் உடையவராய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. நலத்திட்டங்களின் செலவு நெடுங்காலத்துக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. தொழில்திறன் அடிப்படையில் ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில் முதல் வாதத்துக்கு ஒரு தருக்கம் உண்டு. எனினும் அது நுழைவுக் கொள்கைக்குரிய தருக்கமாகும். 'எத்தகையோரை அனுமதிப்பது' என்னும் வினாவுக்கு ஏற்ற விடை, 'அனுமதிக்கப்பட்டவர் வேலை இழந்தால் என்ன செய்வது' என்னும் வினாவுக்கும் விடையாக்கப்பட்டது. சாஸ்திரியார் பிரித்துக்காட்டிய இரு வினாக்களும் மீண்டும் ஒன்றாயின.

7. விலக்குகள் காட்டும் உண்மை

காத்திருப்புச் சட்டத்தில் சில விலக்குகள் உள்ளன. ஏதிலியராகவும் மனிதாபிமான அடிப்படையிலும் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் காத்திருப்பு இல்லை. இவ்விலக்கு தொடக்கம் முதலே இருந்துவருகிறது. வந்த பின்னர்த் தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பெருமாற்றம் ஒன்றால் நலிவுற்றோருக்குச் 'சிறப்பு உதவித்தொகை' என்னும் விருப்புரிமை வழியும் உண்டு. ஆனால் வேலை கிடைக்கவில்லை என்பது மட்டும் இத்தகைய பெருமாற்றமாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. வேலையின்மைக்கென உருவான ஒரு திட்டத்தின் வாயிலில் நிற்பவரிடம், வேலையின்மை தவிர்ந்த வேறொரு துயரைக் காட்டுமாறு கோரும் நிலை இதனால் எழுகிறது.

விலக்குகளின் எதிர்ப்பக்கத்தையும் காணல் வேண்டும். 1999இல் அறிமுகமான தற்காலிகப் பாதுகாப்பு விசா, ஏதிலியர் என ஏற்கப்பட்டோருக்கே நிரந்தரத்தை மறுத்தது. அவர்கள் வழக்கமான வேலையின்மை உதவித்தொகைக்குப் பதில் சிறப்பு உதவித்தொகையையே பெற முடிந்தது. 2008இல் நீக்கப்பட்ட அம்முறை 2014இல் மீண்டும் கொணரப்பட்டது. அதன் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தோருள் ஈழத்தமிழரும் அடங்குவர். அவ்விசா உடையோர்க்கு நிரந்தர வதிவுக்கான வழி 2023 பிப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. மனிதாபிமான விலக்கு நிரந்தரம் பெற்ற ஏதிலியரைக் காத்தது. நிரந்தரம் பெறாத ஏதிலியரை அது எட்டவில்லை.

நியூசிலாந்து குடிமக்களின் நிலை வேறொரு பாடத்தைத் தருகிறது. அவர்கள் ஆஸ்திரேலியாவில் கால வரையறையின்றி வாழவும் உழைக்கவும் இயலும். ஆயினும் 2001 பிப்ரவரி 26க்குப் பின்னர் வந்தோர், தனியாக நிரந்தர விசா பெற்றாலன்றி வேலையின்மை உதவித்தொகைக்குத் தகுதியற்றோராயினர். பத்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தோருக்கு ஒரே ஒருமுறை ஆறு மாதம் வரை உதவி என்னும் சிறு விதிவிலக்கு மட்டுமே இருந்தது. 2023 ஜூலை முதல் நான்காண்டு வதிவுக்குப் பின் நேரடியாகக் குடியுரிமை கோர அவர்களுக்கு வழி கிட்டியது. வாழ்வில் நிரந்தரமாக இருப்பதும் சட்டத்தில் நிரந்தரமாக இருப்பதும் வெவ்வேறானவை என்பதை இது தெளிவாக்கும். 1944ஆம் ஆண்டுச் சட்டம் முன்னதை நோக்கியது. பிந்தைய சட்டங்கள் விசாவின் பெயரையும் நாட்காட்டியையும் நோக்கின.

8. 2020: இடைநிறுத்தமும் மீட்சியும்

கொரோனா பெருந்தொற்று இச்சட்டத்தின் உள்ளியல்பை வெளிக்கொணர்ந்தது. 2020 மார்ச் 20 அன்று நியூஸ்டார்ட் என்னும் உதவித்தொகை ஜாப்சீக்கர் எனப் பெயர் மாறியது. ஊரடங்கால் இலட்சக்கணக்கானோர் வேலை இழக்கவே, மார்ச் 25 முதல் புதிய வதிவாளருக்கான காத்திருப்பு தற்காலிகமாக நீக்கப்பட்டது. நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன நிரந்தர வதிவாளரும் பிறருக்கு நிகராக உதவி பெற்றனர். தற்காலிக விசா உடையோர் பெரும்பாலும் இவ்வளையத்துக்கு வெளியிலேயே விடப்பட்டனர். 2021 மார்ச் 31 அன்று விலக்கு முடிவுற்றது. நான்காண்டுக் காத்திருப்பு மீண்டது.

இவ்வோராண்டு நிகழ்வை இரு வகையாக வாசிக்கலாம். நெருக்கடியில் அரசு காட்டிய நெகிழ்வு என்பது ஒரு வாசிப்பு. இக்கட்டுரை மற்றொரு வாசிப்பை முன்வைக்கிறது. வேலையிழப்பு தனிமனிதரின் குற்றமன்று என்பதை அரசு அவ்வாண்டில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வேற்பு, எல்லோரும் ஒருசேர வேலை இழந்ததால் வந்தது. ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு நாற்பது பேர் வேலை இழக்கும்போதும் அந்நாற்பதின்மரின் நிலை அதுவே. துயர் பொதுவாகும்போது தளரும் விதி, துயர் தனியாகும்போது இறுகுகிறது. தனியாக வேலை இழப்போருக்காகவே இத்தகைய உதவித்தொகைகள் உருவாயின என்பதை எண்ணும்போது இம்முரண் மேலும் கூர்மையடைகிறது.

9. பங்களிப்பற்ற அமைப்பின் வலிவும் வலுவின்மையும்

காத்திருப்பை இத்துணை எளிதாக நீட்டிக்க முடிந்தது ஏன்? இதற்கான விடையின் ஒரு பகுதி நிதியமைப்பில் உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேலையின்மைக் காப்பீடு 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்டது. முதலாளிகள் செலுத்தும் ஊதிய வரியே அதன் முதன்மையான நிதி ஆதாரம். 1976ஆம் ஆண்டின் திருத்தம் அங்குக் குடிவரவு நிலையை ஒரு நிபந்தனையாக்கியது. எனினும் அச்சட்டம் எழுப்பும் வினா, உழைப்பு நடைபெற்ற காலத்தில் அவ்வுழைப்பாளர் நிரந்தர வதிவுக்கு முறையாக அனுமதிக்கப்பட்டவரா, அல்லது வேறு வகையில் சட்டப்படி அங்கு உழைத்தவரா என்பதே. நிரந்தர வதிவாளருக்கு ஆண்டுக்கணக்கிலான தனிக் காத்திருப்பு அதில் இல்லை. ஈட்டிய ஊதியமே அவருக்காகச் சான்று பகர்கிறது.

ஆஸ்திரேலிய அமைப்பில் அத்தகைய சான்று இல்லை. 1946 முதல் சில ஆண்டுகள் 'சமூகச் சேவைப் பங்களிப்பு' என்னும் பெயரில் தனி வரி ஒன்று விதிக்கப்பட்டது. ஆயினும் யார் எவ்வளவு செலுத்தினார் என்பதற்கும் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதற்கும் அப்போதும் தொடர்பில்லை. விரைவில் அது வருமான வரியோடு கலந்துவிட்டது. உதவித்தொகை முழுவதும் பொது வருவாயிலிருந்து தேவையின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. இதன் சிறப்பு பெரிது. ஒருநாளும் வேலை கிட்டாத இளைஞரும் இதில் உதவி பெறலாம். காப்பீட்டு முறையில் அது இயலாது. ஆனால் பங்களிப்புப் பதிவேடு இல்லாத இடத்தில், 'யார் நம்மவர்' என்னும் வினாவே தகுதியின் மையமாகிறது. 1908இல் அவ்வினாவுக்கு இனம் விடையாயிற்று, 1944இல் எண்ணம், 1993க்குப் பின் காலம். காலம் என்பது அளவால் ஆனது. ஆதலின் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் அதனைச் சற்றே நீட்டலாம். 26, 104, 208 என்னும் எண்வரிசை இதற்குச் சான்று.

மூன்று ஆண்டுகள் வேலை செய்து வருமான வரி செலுத்திய ஒரு நிரந்தர வதிவாளரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். வரித்துறை அவரை முதல் நாளிலிருந்தே முழு உறுப்பினராக நடத்தியது. நலத்துறையோ நான்காவது ஆண்டு முடியும்வரை அவரை அயலாராக நடத்துகிறது. இப்பொருத்தமின்மையே காத்திருப்புக் கொள்கையின் மிகப் பெரிய நெறிமுறைச் சிக்கலாகும்.

10. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, குடியேறியோரின் உரிமை வரலாற்றை இருளிலிருந்து ஒளிக்கு நகர்ந்த நேர்க்கோடாகக் காண இயலாது. ஓய்வூதியத்தில் வதிவு நிபந்தனை குறைந்தது. வேலையின்மை உதவித்தொகையிலோ அது பெருகியது. இனத்தடை நீங்கி ஆசியர் நிரந்தரமாக வரத் தொடங்கிய இரு பத்தாண்டுகளில் காலத்தடை தோன்றியது. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைக்கப் போதிய சான்றில்லை. ஆயினும், காலத்தடையின் சுமை புதிதாக வரும் தலைமுறையின் மீதே விழும் என்பதும், அத்தலைமுறையில் ஆசியரின் பங்கு பெரிது என்பதும் மறுக்கவியலாதவை.

இரண்டாவதாக, நிரந்தர வதிவுரிமை என்னும் நிலையின் சட்டப் பொருளே மாறியுள்ளது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிரந்தரம் என்பது காத்திருப்புக்கு மாற்றாக விளங்கியது. 2019க்குப் பின்னர் அது காத்திருப்பின் தொடக்கப் புள்ளியாக ஆகியுள்ளது. நான்காண்டு என்பது 2007ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விதிக்கும் பொது வதிவுக்காலத்துக்கு நிகரான நீளம். வதிவுரிமைக்கும் குடியுரிமைக்கும் இடையில் தனக்கெனப் பொருள்கொண்டிருந்த ஒரு நிலை, குடியுரிமைக்கான தகுதிகாண் பருவமாகச் சுருங்கிவருவதை இது உணர்த்துகிறது.

மூன்றாவதாக, 1922ஆம் ஆண்டில் சீனிவாச சாஸ்திரி எடுத்துரைத்த வேறுபாடு இன்றும் ஆய்வுக்கருவியாகப் பயன்படுகிறது. யாரை அனுமதிப்பது என்பதில் ஒரு நாட்டுக்குப் பரந்த உரிமை இருக்கலாம். அனுமதித்த பின் அவருக்கு என்ன கடமைப்பட்டுள்ளோம் என்பது வேறொரு வினா. அதனை முன்னதன் துணைவினாவாக்குவது முறையன்று. அவரது மிதவாதத்தை ஏற்காதோரும் இவ்வேறுபாட்டின் பயனை ஏற்கலாம்.

கனடா, பிரிட்டன், நார்வே போன்ற நாடுகளில் வாழும் தமிழரின் சமூகப் பாதுகாப்பு உரிமைகளையும் இதே அளவுகோலால் ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. பங்களிப்பு வழி அமைந்த காப்பீடும் பொது வருவாய் வழி அமைந்த உதவியும் புதிதாக வந்தவரை எவ்வாறு வேறுபட நடத்துகின்றன என்னும் வினா, புலம்பெயர்வு ஆய்வுகளுக்கும் சட்ட வரலாற்று ஆய்வுகளுக்கும் பொதுவான களமாக அமையும்.